பெரிய மீன்களுக்காக வாதாடியவர்

அவைக்கு வணக்கம். மேடையில் அமர்ந்திருக்கும் ஏரி ஆய்வு நிலையத்தின் தலைவர் அவர்களே, ஐஸ் ஆலை முதலாளி அவர்களே, முதல் வரிசையில் மகளை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் எங்கள் பேருந்து ஓட்டுநர் மாப்பிள்ளை அவர்களே, நாற்காலி போதாமல் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு இந்த ஏலக்கூடத்தின் ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கும் என் தொழில் சொந்தங்களே, தாய்மார்களே!

மீனவர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதே மேடையில் எத்தனையோ கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். கத்தியிருக்கிறேன், கத்தியவர்களை உட்கார வைத்திருக்கிறேன். இன்று வார்த்தை முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இழந்திருப்பது யாரை? ஆய்வு நிலையத்தின் மூத்த விஞ்ஞானி என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் அவரை இங்கே யார் கூப்பிட்டோம்? நமக்கு அவர் அளவுக்காரம்மா! விடிந்ததும் படகுத்துறையில் வந்து நிற்பார். கையில் கோடு போட்ட மரப்பலகை. பெட்டியிலிருந்து ஒரு மீனை எடுப்பார், பலகையில் கிடத்துவார், வயிற்றைக் கீறி முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார், அடுத்த மீனுக்குப் போவார். என் வீட்டுக்காரி சொல்லுவாள்: “அந்தம்மா கண்ணுல படாம ஒதுங்கிப் போங்க. உங்க தொப்பையையும் அளந்துடப் போகுது!” இதை ஒருநாள் அம்மாவிடமே சொல்லிவிட்டேன். “அதுக்கு இந்தப் பலகை பத்தாதுங்க செயலாளரே” என்றார். சிரியுங்கள், தப்பில்லை. அவரும் சிரிக்க வைத்துத்தான் பேசுவார்.

அவர் வெளியிலிருந்து வந்தவர் அல்ல. இந்த ஏரியில் வலை வீசிய ஒருவரின் கடைசி மகள். அப்பா போனபோது அண்ணனுக்கு மீசை கூட முளைக்கவில்லை. அந்த அண்ணன் துடுப்பைப் பிடித்தார். தங்கையைப் பள்ளிக்கு அனுப்பினார், கல்லூரிக்கு அனுப்பினார், அதற்கு மேலும் அனுப்பினார். அவர்தான் இதோ, இந்த மேடையின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். நங்கூரம் அண்ணன்! ஒரு முடிவு எடுத்தால் அசைய மாட்டார் என்று நாம் வைத்த பெயர். இன்று நான் சொல்லப்போவதில் அவரைப் பற்றியும் இருக்கிறது. “சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “மறைக்காம சொல்லு” என்றார்.

படித்து முடித்தவர் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். சொந்த ஏரிக்குத் திரும்பி வந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது என்ன? கெண்டை சின்னதாகிக்கொண்டே வந்தது! முழ நீளம் இருந்த மீன் முன்னங்கை ஆயிற்று. முன்னங்கை சாண் ஆயிற்று. நாம் என்ன சொன்னோம்? தண்ணீர் கெட்டுவிட்டது என்றோம். இரை இல்லை என்றோம். கலிகாலம் என்றும் ஒருவர் சொன்னார். அவர் தண்ணீரைச் சோதித்தார், பழுதில்லை. இரையைப் பார்த்தார், குறைவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தார். நம் ஏரியின் குஞ்சுகளையும், வலையே விழாத மேட்டுக் குளத்தின் குஞ்சுகளையும் நிலையத்துத் தொட்டிகளில் வளர்த்தார். ஒரே தண்ணீர், ஒரே தீனி, ஒரே வெயில். வளர்ந்த பிறகு வந்து பாருங்கள் என்று நம்மை அழைத்தார். போய்ப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? குளத்து மீன் கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டே இருந்தது. நம் மீன் சாண் அளவில் நின்று, அவசர அவசரமாக முட்டை போட்டுவிட்டிருந்தது!

“நம்ம மீனு வலைக்குப் பயந்து குறுகிப்போச்சா?” என்று யாரோ கேட்டார்கள்.

“மீனுக்கு அவ்வளவு யோசனை கிடையாதுங்க” என்றார் அம்மா. அடுத்த வாரம் இதே கூடத்தில் உட்கார வைத்து விளக்கினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒன்றுபோல இருப்பதில்லை; மீனும் அப்படித்தான். ஒன்று நெட்டையாக வளரும், ஒன்று குட்டையாக நிற்கும். ஒன்று தாமதமாக முட்டையிடும், ஒன்று முந்திக்கொள்ளும். அந்தச் சுபாவம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. முன்பு இந்த ஏரியில் நீர்க்காகமும் நீர்நாயும்தான் வலை. அவை விழுங்கியது சின்ன மீன்களை. ஆகவே சீக்கிரம் பெரிதானது பிழைத்தது, முட்டையிட்டது, அதன் வம்சம் பெருகியது. பிறகு நாம் வந்தோம். நம் வலையில் பெரியது மாட்டும், சின்னது நழுவும். பெரிதாக வளரும் சுபாவம் கொண்டது முட்டையிடும் முன்பே சந்தைக்குப் போனது. நழுவியது முட்டையிட்டது. தலைமுறைக்குத் தலைமுறை நழுவியவற்றின் பிள்ளைகளே ஏரியை நிறைத்தன. மீன் மாற வேண்டும் என்று நினைக்கவில்லை. யாரும் அதை மாற்ற நினைக்கவும் இல்லை. ஆனாலும் மாறிவிட்டது!

“இதுக்குப் பேரு இயற்கைத் தேர்வு” என்றார். நம்ம வாய்க்காரர் சும்மா இருப்பாரா? எழுந்தார்.

“தேர்வுன்னா, கேள்வித்தாள் யாரும்மா குடுக்கிறது?”

“கேள்வித்தாளே கிடையாதுண்ணே. பாஸானதுக்குப் பிள்ளை இருக்கும், ஃபெயிலானதுக்கு இருக்காது. அவ்வளவுதான் ரிசல்ட்டு.”

“அப்போ நம்ம ஏரியில?”

“நம்ம ஏரியில இப்போ வலைதான் வாத்தியாரு. குட்டையா இருக்கிறவனைப் பார்த்துப் பார்த்துப் பாஸ் போடுறாரு.”

கூடமே அதிர்ந்தது! அந்தச் சிரிப்பின் சூட்டோடு அவர் கேட்டதை நாம் கொடுத்தோம். ஏரி கரைக்குள் வளைந்து நுழையும் வடகுடாவை மூடினோம். அதன் வாயில் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி, உள்ளே வலை போடுவதில்லை என்று முடிவு செய்தோம். முதல் கம்பை நட்டது நங்கூரம் அண்ணன். தங்கச்சி சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

சில வருடங்கள் போயின. குடாவுக்குள் மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. நல்ல மீன்! நாம் மறந்தே போயிருந்த அளவு மீன்!

அதற்குப் பிறகு வந்த அந்தப் புயலை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பாதிப் படகுகள் உடைந்தன. மிச்சமிருந்த சின்னப் படகுகளால் வெளி ஏரிக்குப் போக முடியவில்லை. குடா கூப்பிடு தூரத்தில் இருந்தது. பசி அதைவிடப் பக்கத்தில் இருந்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்று கூட்டம் கேட்டவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல, அடுப்பு எரியாதவர்கள்.

அவர்களுக்காக எழுந்து பேசியவர் நங்கூரம் அண்ணன்.

“குடாவுல மீன் பெருசாயிடுச்சா இல்லையா? நீயே சொல்லு” என்று தங்கையைக் கேட்டார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவர். இல்லை என்று ஒரு வார்த்தை! சொல்லவில்லை. “ஆயிருக்குண்ணா. ஆனா அது வயசு. யாரும் பிடிக்காததால வளர்ந்து நிக்குது. அதுங்க பிள்ளை, பிள்ளையோட பிள்ளை வரணும். அப்போதான் சுபாவம் திரும்பும். இப்போ இருக்கிறது விதை மீனு.”

“விதை நெல்லைக் கூட பஞ்சத்துல திங்கறதுதான்.”

“தின்னா அப்புறம் எதை விதைக்கிறது?”

“நீ மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறவ. உனக்கு என்ன தெரியும்?”

எந்தத் தங்கைக்காகத் துடுப்பு பிடித்துக் கை காய்ப்புக் காய்த்ததோ, அந்தத் தங்கையைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அம்மா உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொன்னேன். எண்ணுவது என் வேலை, எண்ணினேன். குடா திறந்தது.

மறுநாள் காலை படகுத்துறைக்கு அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார்! அதே பலகையோடு வந்தார். குடாவிலிருந்து வந்த ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து அளந்தார். எல்லாம் சினை மீன்கள். வலைக்காரர் ஒருவர் சந்தோஷம் தாங்காமல், “அம்மா, பாருங்க! வால் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, உங்க பலகையே பத்தலையே!” என்றார். வெள்ளந்தியான மனுஷன். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே மகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

அம்மா நிமிர்ந்து பார்த்து, “ஆமா தம்பி. பெருசா ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கணும்” என்றார்.

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரிய பலகை செய்ய வேண்டிய அவசியம் அதற்குப் பிறகு அவருக்கு வரவே இல்லையே!

அந்தப் பருவத்தில் நாம் சாப்பிட்டோம். அடுத்த பருவத்திலும் சாப்பிட்டோம். பிறகு? வலையின் கண்ணைச் சிறிதாக்கினோம். மீன் இன்னும் சிறிதாயிற்று. இன்று விரல் நீள மீன் வயிற்றில் முட்டையோடு வருகிறது. பிஞ்சிலே பழுத்தது என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்கிறோம். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே துறையில் அவர் படகைக் கட்டுவார், இவர் மீனை அளப்பார். அண்ணன் பெட்டி வந்தால் மட்டும் அம்மா தானே எடுக்க மாட்டார். உதவியாளரை எடுக்கச் சொல்வார். அம்மாவின் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, எத்தனையோ முறை தூது போனார். நங்கூரம் அசையவில்லை. தங்கையும் அதே இரும்பில் வார்க்கப்பட்டவர்தானே!

அப்புறம் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. கால் வீங்கியது. வீங்கிய காலோடும் துறைக்கு வந்தார். பிறகு வர முடியவில்லை.

போன மாதம் நங்கூரம் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. தனியாப் போகக் காலு வரல” என்றார். போனோம். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணன் நாற்காலியில் உட்காராமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நலம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நேராகக் கேட்டார்:

“மறுபடி மூடினா மீனு பழையபடி வருமா?”

“வரும்ணா. பெருசா வளர்ற சுபாவம் அங்கங்க கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். வலை விழலைன்னா அதுக்கு மறுபடி கை ஓங்கும். ஆனா போன வேகத்துல வராது. ரொம்ப மெதுவாத்தான் வரும்.”

“நாம பார்ப்போமா?”

“நான் பார்க்க மாட்டேன். நீயும் பார்க்க மாட்ட.”

“அப்போ என்ன லாபம்?”

அம்மா மெல்லச் சிரித்தார். “என்னைப் படிக்க வெச்சியே, நீ என்ன லாபம் பார்த்த?”

நங்கூரம் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கல் மனுஷன் குழந்தை மாதிரி அழுததை நான் பார்த்தேன். அம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் தலையைத் தொட்டார். இவ்வளவு காலம் கழித்து ஒரு மதியப் பொழுது அவர்களுக்குக் கிடைத்தது. அதற்கு மேல் கிடைக்கவில்லை. ஐயோ, இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருக்கக் கூடாதா! ஒரு வருடம், ஒரு பருவம் முன்னால்! வரும் வழியெல்லாம் அண்ணன் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். நான் என்ன ஆறுதல் சொல்வது? சொந்தங்களே, உங்களிடம் இருக்கிறதா அந்த ஆறுதல்?

இரங்கல் கூட்டத்தில் குற்றம் பேசக் கூடாது. நான் பேசவில்லை. பசித்தவர் தின்றதைக் குற்றம் என்று அம்மாவே ஒருநாளும் சொன்னதில்லை. வருத்தம் மட்டும்தான் பட்டார். அந்த வருத்தம் இனி நம்முடையது.

சங்கத்தின் சார்பில் சொல்கிறேன், கேளுங்கள். வடகுடா நாளை மறுபடி மூடப்படுகிறது. சின்னப் படகுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். பெரிய படகுகள் அவர்களை முறை வைத்து வெளி ஏரிக்கு இழுத்துச் செல்லும். முதல் முறை நங்கூரம் அண்ணனுடையது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. புயலோ பஞ்சமோ வந்தால் குடாவைத் தொடுவதற்கு முன் ஒருவர் சோற்றில் ஒருவர் பங்கு போட்டுக்கொள்வோம். படகுத்துறையில் அளக்கும் வேலை நிற்காது என்று நிலையத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அம்மாவின் மகள் படிப்பு முடியும் வரை சங்கம் அந்த வீட்டோடு நிற்கும்.

எழுந்து நிற்போம், சொந்தங்களே.

அம்மா! உங்கள் வார்த்தையை நாங்கள் தாமதமாகக் கேட்கிறோம். பெரிய மீன் எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. வரும்போது இங்கே இருப்பது யார் என்றும் தெரியாது. நாங்கள் அதன் மேல் கை வைக்க மாட்டோம். எங்களால் கொடுக்க முடிந்த வாக்கு அது ஒன்றுதான். போய் வாருங்கள், அம்மா.