பட்டை எங்கே ஆரம்பிக்கிறது

வெளியூர் போனால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். வீட்டில்தான் வராது. கடையை அடைத்துவிட்டு வந்து படுத்த பிறகும் மருந்து அட்டைகளின் பொடி எழுத்துகள் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் காட்டு விடுதியில் மழைச் சத்தத்தைக் கேட்டபடி அடித்துப் போட்டமாதிரி தூங்கினேன். என் கணவர் இறந்ததற்கு அடுத்த நாளும் அப்படித்தான் தூங்கினேன். அதுதான் உங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது என்றீர்கள், இன்ஸ்பெக்டர். இருக்கலாம்.

எங்களுக்கு மருந்துக்கடை. அவர் கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களோடு பேசுவார், நான் பக்கத்தில் நிற்பேன். கிட்டப் பார்வை மங்கிய பிறகும் அவர் நாலு பேர் முன்னால் கண்ணாடி போட மாட்டார், வயசானவன் மாதிரி தெரியுமாம். அட்டையை என்னிடம் நீட்டி "படி" என்பார். மருந்தின் பெயர், அளவு, காலாவதி தேதி எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். ஒரு தடவைகூட நான் தப்பாகப் படித்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் எங்களை வாயும் கண்ணும் என்று கேலி செய்வார்கள்.

பாம்பென்றால் அவருக்குப் பைத்தியம். விடுமுறை என்றால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள், நாங்கள் மழைக்காட்டுக்குப் போவோம். கொக்கிக் கம்பியால் சருகைக் கிளறிக்கொண்டும் கல்லைப் புரட்டிக்கொண்டும் அவர் முன்னால் போவார். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். கூட வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு ஒவ்வொரு பாம்பையும் விளக்குவார். எனக்கு என்று எதையும் சொன்னதில்லை. ஆனால் காதில் விழுந்ததை நான் கீழே போடவில்லை.

கல்யாணமான புதிதில், அவருடைய நண்பர்கள் சூழ நின்றபோது, பின்னாலிருந்து வந்து என் தோளில் ஒரு பாம்பைப் போட்டார். விஷமில்லாததுதான். நின்ற இடத்திலேயே எனக்குப் புடவை நனைந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லாத விருந்து கிடையாது. மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடமும் சொன்னார். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்குப் பந்தியில் இலை போட்டுக்கொண்டே சிரித்தேன்.

இந்த முறை மகளும் பேத்தியும் கூட வந்தார்கள். பேத்தி பல்லியைப் பார்த்தாலே அம்மா கழுத்தைக் கட்டிக்கொள்கிற குழந்தை. போய்ச் சேர்ந்த அன்று சாயந்திரம், வராந்தாவில் படம் வரைந்துகொண்டிருந்தவளின் மடியில் அவர் ஒரு பச்சைப் பாம்பைப் போட்டார். குழந்தை அலறியதில் மூச்சு நின்றுபோய் உதடு நீலமானது. மகள் முதுகைத் தட்டித் தட்டி மூச்சை வரவழைத்தாள். அதற்குப் பிறகு குழந்தை பேசவில்லை.

"அப்பா, இனிமே அவ பக்கத்துல இதையெல்லாம் கொண்டு வராதீங்க" என்றாள் மகள்.

"உங்கம்மா மாதிரியே வளர்த்து வைக்காதே. நாளைக்கு அவ கையாலேயே ஒண்ணைப் பிடிக்க வைக்கிறேன், பாரு" என்றார்.

சொன்னால் செய்துவிடுகிற மனிதர். அதனால்தான் செய்தேன். ஒரு குழந்தையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் மதியம் மழை விட்டிருந்தது. விடுதியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை மக்கிக் கிடந்தது. அவர் அதைப் புரட்டினார். அடியில் கறுப்பாக, வெள்ளைப் பட்டைகளோடு, தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு ஒன்று கிடந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கிற இரண்டு பாம்புகள் உண்டு. வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலேயே பட்டை ஆரம்பித்துவிடும், வால் பக்கம் மங்கிப் போகும். அதற்கு விஷம் கிடையாது. கட்டுவிரியனுக்குக் கழுத்து வெறுமையாக இருக்கும், பட்டை கொஞ்சம் தள்ளி ஆரம்பித்து வால் நுனிவரை பளிச்சென்று போகும்.

"கண்ணாடி ரூம்ல கிடக்கு. நீ பாரு" என்றார். "பட்டை எங்க ஆரம்பிக்குது?"

குனிந்து பார்த்தேன். அவர் கொக்கியால் சுருளை மெல்ல விலக்கினார். கழுத்து ஒரு கோடும் இல்லாமல் மை பூசியதுபோல் மின்னியது.

"கழுத்துலேருந்தே இருக்கு" என்றேன்.

"வால்ல?"

"மங்கித்தான் இருக்கு."

அவர் கையால் எடுத்தார். பகலில் அது சோம்பலாகத்தான் இருக்கும். பையில் போடும்போது விரல் இடுக்கில் ஒருமுறை கவ்வியது. "எறும்பு கடிச்ச அளவுகூட இல்லை" என்று சட்டையில் துடைத்துக்கொண்டார். கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது என்று எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார்.

சாயந்திரம் வயிற்று வலி என்று படுத்தார். மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வெந்நீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இமை தானாகச் சரிந்தது, பேச்சு குழறியது. விடுதி மேலாளர் கதவைத் தட்டினார். நல்ல மனிதர்.

"மேடம், பாம்பு சாரைக் கடிச்சதைத் தோட்டக்காரர் பார்த்துட்டுச் சொன்னார். வண்டி ரெடியா இருக்கு. ஆஸ்பத்திரி பக்கத்துலதான், விஷமுறிவு மருந்தும் வச்சிருக்காங்க."

"விஷமில்லாத பாம்புங்க" என்றேன். "மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாததா? அசதியில தூங்குறார்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவரை ஒன்றும் செய்யாதீர்கள்.

உள்ளே என் கணவர் கையை மட்டும் மெதுவாக அசைத்தார். பாம்பு இருந்த பையைக் காட்டுகிறார் என்று புரிந்தது. பார்க்க ஆசைப்படுகிறவரை ஏன் தடுக்கவேண்டும்? மேஜையிலிருந்த கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டினேன். இமை திறக்கவில்லை, அதனால் என் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் பையின் வாயைப் பிரித்து விளக்குக்கு நேராகக் காட்டினேன். நன்றாகப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துவிட்டேன். மூச்சு அடங்கும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தனியாக விடவில்லை. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

அன்றைக்குக் குழந்தை எங்கே இருந்தாள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஊருக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள். மகள் அன்று விடிந்ததும் விடியாததுமாகப் பெட்டியைக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "இனிமே உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் மகளைப் போனில் கூப்பிட்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "தப்பு என்மேலதான்மா. மன்னிச்சுடு. இனிமே குழந்தை இருக்கிற பக்கம் ஒரு பாம்பையும் கொண்டு வரமாட்டேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. மனதாரச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

போனை வைத்துவிட்டு, மழை விட்டிடுச்சு, பையை எடு என்றார் என்னிடம்.

மன்னிச்சுடு என்கிற வார்த்தையை அவரால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மற்றபடி நான் செய்தது குழந்தைக்காகத்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.