மருமகன் கேட்டால்

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. காது உள்ளவர்கள் கேட்கட்டும், பேனா உள்ளவர்கள் எழுதிக்கொள்ளட்டும். ஐம்பதைத் தாண்டிய ஆணின் முதுகு பந்தயக் காருக்காகப் படைக்கப்பட்டதல்ல. உள்ளே இறங்கிவிடலாம், புவியீர்ப்பு துணைக்கு இருக்கிறது. வெளியே வருவதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஐயா. நீங்கள் விசாரணை அதிகாரி, ஆனால் இளைஞர். இந்த நோய் உங்களுக்கும் ஒருநாள் வரலாம்.

என் பெயர் ஜெனிஸ். வெற்றி என்று பொருள். மே மாத வெற்றி நாளில் பிறந்தேன் என்று அப்பா வைத்தது. மற்றபடி அந்தப் பெயருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அல்மாட்டியில் ஒரு பாசன அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவின் துணைத் தலைவர். தலைவர் நாற்காலி பல வருடங்களாகக் காலி. இல்லாத ஒருவருக்குத் துணையாக இருந்து தலை நரைத்தவன் நான்.

இருபது வயதில் ரொட்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அந்தக் காரை முதலில் பார்த்தேன். மஞ்சள் நிறம், இரண்டே கதவு, ஜப்பான்காரன் செய்தது. முகப்பு விளக்குகள் உள்ளே மூடிக் கிடந்து, பொத்தானை அழுத்தினால் தவளைக் கண் மாதிரி எழும். ஓட்டியவன் எங்கள் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், பாசனம். ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த வாரத்தில் அந்தக் காரைத் தேடத் தொடங்கினேன். அந்த வகையைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். உலகத்தில் மிச்சமிருந்ததெல்லாம் யாரோ ஓட்டிக் களைத்தவை. ஞாயிறுதோறும் கார் சந்தைக்குப் போனேன். அங்கே பொய் சொல்பவர்கள்கூட அலுப்போடுதான் சொன்னார்கள்.

"வாத்தியாரம்மா ஓட்டின வண்டிண்ணே. மசூதிக்கும் மருந்துக் கடைக்கும் போனதோட சரி."

"முன்பக்கம் நசுங்கியிருக்கே தம்பி. மசூதிக்குள்ளயே ஓட்டிட்டுப் போனாங்களா?"

"சேச்சே, மசூதி இல்லண்ணே. அது மருந்துக் கடை."

இன்னொரு காரில் முன்பாதி வேறு, பின்பாதி வேறு. எல்லையில் வரிக்குப் பயந்து காரை நடுவில் அறுத்து, உதிரிப்பாகம் என்று சொல்லிக் கொண்டுவந்து, இங்கே பற்றவைப்பார்கள். ஒட்டும்போது பாதி மாறிவிட்டது. முன்பாதி என் கனவு, பின்பாதி வேறு யாருடையதோ. அதையே வாங்கிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அவ்வளவு களைப்பு.

வீட்டில் என் மனைவி ஷோல்பன் மகளிடம் சொல்வாள். "உங்கப்பா இன்னிக்கும் பொண்ணு பாக்கப் போயிருந்தாரு. மூக்கு கோணலாம், வேணாம்னுட்டாரு. இவரு மூஞ்சிய அது பாத்துச்சான்னு கேளு."

கடைசியில் தராஸ் நகரத்தில் கிடைத்தது. ஜெர்மனிக்குக் குடிபெயரும் ஒரு பல் டாக்டருடைய கார். மஞ்சள். முழுசாக ஒரே கார். பேரம் பேசப் பெரிய மனிதர் ஒருவர் கூட இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று தாய்மாமனை அழைத்துப் போனேன். நான் செய்த தவறு அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மாமா பெயர் ரிஸ்பெக், அம்மாவின் தம்பி. மாவட்டப் பண்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விருந்திலும் வாழ்த்துரை அவருடையது. புல்வெளி படைக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குவார். மணப்பெண்ணை வந்து சேர்வதற்குள் சூப்பின் மேல் கொழுப்பு உறைந்துவிடும். பல் டாக்டர் வீட்டிலும் எழுந்து நின்று குதிரைக்கும் காருக்கும் உள்ள ஆன்ம ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். மயங்கிப்போன டாக்டரின் தாய், எங்கள் வழக்கப்படி பெரியவர் கையில் சாவியைக் கொடுத்து ஆசி சொல்லச் சொன்னாள். மாமா உள்ளங்கை இரண்டையும் விரித்து ஆசி சொன்னார், முகத்தைத் தடவிக்கொண்டார், சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். விலையையும் அவரே கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் அவர்தான் ஓட்டினார்.

"என்ன மருமவனே, மூஞ்சி தொங்கிப்போச்சு? வண்டி குடும்பத்துலதான இருக்கு."

"நான் ஆறு வருஷமா தேடினது மாமா."

"தேடினவனுக்குக் குதிரை கெடைக்காதுடா. ஏறினவனுக்குத்தான்."

பெரியவர் ஆசி சொல்லி எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் வேறொன்று உண்டு. நீங்களும் கசாக் வீட்டுப் பிள்ளைதான், உங்களுக்குத் தெரியாததல்ல. அக்காள் பிள்ளை தாய்மாமன் வீட்டில் மூன்று முறை எது கேட்டாலும் கொடுக்க வேண்டும். ஓடும் குதிரையைப் பிடிக்கிற சுருக்குக்கோல் மருமகன் கையில் இருப்பதாகச் சொல்வார்கள். ஏழு வயதில் ஒரு குதிரைக்குட்டி கேட்டேன், கொடுத்தார்கள். இருபத்துநாலில் மாமாவின் பக்கத்தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளைக் கேட்டேன், அழுதுகொண்டே கொடுத்தார். மூன்றாவதை நான் கேட்கவே இல்லை. முப்பது வருடமாக அது என்னிடம் அப்படியே இருந்தது.

மாமாவுக்கும் அது தெரியும். காரை வாங்கிய நாளிலிருந்து என்னை அவர் வாய் திறக்க விடவில்லை. விருந்தில் "மாமா, ஒரு விஷயம் கேக்கணும்" என்று தொடங்கினால், பெரியவர் சின்னவருக்கு ஊட்டிவிடும் வழக்கத்தைச் சாக்காக வைத்து, கை நிறையக் குதிரைக்கறியை அள்ளி என் வாயில் திணிப்பார். மென்று முடிப்பதற்குள் அடுத்த பிடி தயாராக இருக்கும். அத்தை குல்ஜிபா தலையில் அடித்துக்கொள்வாள்.

"பாவம்ங்க, மூச்சு விடட்டும்."

"மருமவன் இளைச்சுட்டான்டி. சாப்பிடட்டும்."

அந்த ஒரு வருடத்தில் ஏழு கிலோ ஏறினேன். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

இன்னொரு நாள், தனியாக இருந்தபோது கேட்டே விட்டேன். அமைதியாகச் சிரித்தார். "சாட்சி இல்லாம கேட்டது காத்துல போச்சு. அன்னிக்கு மோட்டார் சைக்கிளுக்கும் இப்படித்தான், தந்தேன் தரலைன்னு ஊரே பேசிச்சு. வெளியாள் ஒருத்தன் காது கேக்கணும். நம்ம வீட்டுச் சட்டம்." சட்டத்தை அவரே போட்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரை அவர் ஓட்டுவதும் இல்லை. அல்மாட்டிக்குப் பக்கத்து ஊரான தல்கரில், அவர் வீட்டுப் பின்புறம், பின்சந்துப் பக்கம் வாசல் வைத்த கொட்டகையில், அத்தை தைத்த பட்டு மெத்தை விரிப்பைப் போர்த்தி வைத்திருந்தார். தினமும் முற்பகலில் ரோமத் தொப்பியுடன் உள்ளே இறங்கி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெற்ற அதிகாரி எங்கும் போகாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அத்தை வந்து இழுத்து வெளியே எடுப்பாள்.

சம்பவத்தன்று அத்தை முழங்கால் சிகிச்சைக்காக வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போயிருந்தாள். ஜனவரி. துப்பினால் தரையில் விழுவதற்குள் உறையும் குளிர். நான் போனபோது மாமா காருக்குள் இருந்தார். முகம் ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது. இடது கையை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

"வந்துட்டியா... தூக்கி விடுடா. நெஞ்சு மேல குதிரை நிக்குது."

நான் மருத்துவன் அல்ல. ஆனால் மாரடைப்பு என்று தெரிந்தது. அதை மறுக்கப்போவதில்லை. குனிந்து, அவர் கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னேன். "மாமா, என்னோட மூணாவதக் கேக்கறேன். இந்தக் கார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியவில்லை. பிறகு உதட்டோரம் கோணியது. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

"சாட்சி எங்கடா?"

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் முப்பது வருடம் பண்பாட்டுத் துறையில் இருந்தவர். விதியைச் சுட்டிக்காட்டினார் என்றே எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு யாசின் அண்ணனைக் கூப்பிடப் போனேன்.

யாசின் உய்குர் இனத்துக் கிழவர், மரியாதைக்காரர். பக்கத்து வீட்டில் அப்போதுதான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காலணியைத் தேடிக் கட்டும்வரை ஒரு கிண்ணம் குடி என்றார். குடித்தேன். ஊற்றியதை வேண்டாம் என்று எழுந்து போவது அந்த வீட்டை அவமதிப்பது. அதோடு, என்ன அவசரம் என்று அவர் கேட்டிருப்பார். பாலும் உப்பும் அளவாக இருந்தன.

நாங்கள் போனபோது மாமாவின் தலை இருக்கையில் சாய்ந்திருந்தது. நான் மறுபடியும் கேட்டேன், யாசின் காதில் விழும்படி. மாமா வெகுநேரம் கழித்து, "எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டு என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார். வாழ்நாளில் அவர் பேசிய மிகச் சுருக்கமான உரை அது.

யாசின் பதறினார். "என்னப்பா இது, ஆளு மொகமே சரியில்ல. ஆம்புலன்ஸ் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டாச்சு அண்ணே. நீங்க முன்வாசல்ல நின்னு வழி காட்டுங்க. அவங்களுக்கு வீடு தெரியாது."

கூப்பிடவில்லை. காரணம் சொல்கிறேன். கார் இப்போது என்னுடையது. அதன் முதல் ஓட்டம் ஓர் உயிரைக் காப்பாற்றுவதாக இருக்கட்டும் என்று எனக்குப் பட்டது. அப்புறம் யாரும், அத்தையோ அவள் பிள்ளைகளோ, நான் அதைப் பிடுங்கிக்கொண்டதாகப் பேச முடியாது அல்லவா. மாமாவை மெதுவாகத் தூக்கிப் பக்கத்து இருக்கைக்கு மாற்றினேன். கனமான மனிதர். வெளியே சுற்றி வந்து ஏறுவதற்கு என் முதுகும் சிரமப்பட்டது. சாவியைத் திருப்பினேன்.

ஐயா, உங்களுக்கு இந்த வகை எஞ்சின் பழக்கம் இருக்காது. டர்போ பொருத்தியது. அந்தக் குளிரில் எண்ணெய் தேன் மாதிரி இறுகிக் கிடக்கும். எடுத்த எடுப்பில் ஓட்டினால் உள்ளே எல்லாம் தேய்ந்து போகும். வெப்பமானியின் ஊசி நடுக்கோட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். கார் பிடித்தவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் செய்வார்கள். மாமாவே என்னிடம் பலமுறை சொன்னதுதான்.

"போலாம்டா," என்றார்.

"ஊசி ஏறட்டும் மாமா."

விளக்குப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு விளக்குகளும் எழுந்தன. கொட்டகைச் சுவர் மஞ்சளாயிற்று. மாமா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார், நான் விலக்கவில்லை. அவரோடு அவ்வளவு நேரம், வாயில் கறி இல்லாமல், நான் உட்கார்ந்திருந்ததே கிடையாது. ஊசி அசைந்தபோது சொன்னேன். பாதி வழி வந்தபோதும் சொன்னேன். நடுக்கோட்டுக்கு வந்தபோது அவர் கை என் சட்டையில் இல்லை.

பின்சந்து வழியாக ஓட்டிப் போனேன். பனி இறுகிய சாலை, மெதுவாகத்தான் போனேன். மருத்துவமனை வாசலில் நிறுத்தியதும் உடனே எஞ்சினை அணைக்கவில்லை என்று காவலாளி உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மை. டர்போவைச் சட்டென்று அணைக்கக்கூடாது, கொஞ்சம் ஆறவிட வேண்டும். ஆறவிட்டேன். உள்ளே அவர்கள் சொன்னதை நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன்.

அடக்கத்தன்று அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "என் தம்பிகிட்ட மூணையும் வாங்கிட்டியாடா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை. வயதானவர்கள் துக்கத்தில் அப்படித்தான் இருப்பார்கள்.

நான் கொலைகாரன் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள், எனக்கு வாதாடத் தெம்பில்லை. ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள். நோயாளியைக் கொண்டுபோக எனக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது, அந்த வண்டி தயாராகும்வரை காத்திருந்தேன். எந்த மனிதனும் அதைத்தான் செய்வான்.

யாசின் அண்ணன் சொன்னதாக நீங்கள் இப்போது வாசித்ததும் சரிதான். அல்மாட்டியிலிருந்து நான் ஓட்டி வந்த சாம்பல் நிறக் கார் முன்வாசலில் நின்றது. வராத ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் அவர் அதன் பானட்டில் இரண்டு கைகளையும் வைத்துக் குளிர் காய்ந்திருக்கிறார். அது சூடாக இருந்தது.