கடைசிப் பூச்சு

பசையைத் தாராளமாக வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, மேடம். இறக்கையும் உடலும் சேருகிற இடத்தில் ஊசிமுனை அளவு போதும். ஆர்வக்கோளாறில் அப்பிவிட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஆயுள் போய்விடும். பொறுமை வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு. முப்பத்தொரு வருடம் பல்செட் செய்தவன் நான். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். ஆளைப் பார்க்காமலே அவருடைய சிரிப்பைச் செய்து அனுப்பிவிடுவேன். ஒருவர்கூட என்னைத் தேடி வந்து சிரித்துக் காட்டியதில்லை. அதைப் பற்றி எனக்குக் குறையும் இல்லை.

வேலையை விட்டதும் பின்னறையில் மேசை போட்டு மாடல் விமானம் செய்ய ஆரம்பித்தேன். நீங்கள் எடுத்துப் போனது ஐந்தாவது. இரண்டாம் உலகப் போரில் பறந்த இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம், அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. முன்னூற்றுச் சொச்சம் துண்டுகள். விமானி அறையில் பதினொரு மீட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முள் வரைந்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தயவுசெய்து இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

வால் ஒட்டிக்கொண்டிருந்த வாரத்தில்தான் மச்சான் வந்து சேர்ந்தார். என் மனைவியின் அண்ணன். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர், கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவர். நுரையீரல் கெட்டுப்போய், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷினோடு வந்தார். குட்டி ஃபிரிட்ஜ் அளவு இருக்கும். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதை நடையில் வைத்து, நீளக் குழாயை அவர் அறைக்குள் விட்டோம். என் அறைக்கு அடுத்த அறை.

நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம். மூக்கில் குழாயோடு மெல்ல நடந்து என் வாசல்வரை வருவார். குழாய் அதற்கு மேல் எட்டாது.

"மாப்ள, எஞ்சின் புகைக் கறையை முன்னாடி இழுத்து விட்டிருக்கீங்களே. விமானம் ரிவர்ஸ்ல போச்சா?"

சிரித்தேன். அவர் சொன்னது சரி. துடைத்துவிட்டுத் திருப்பிப் போட்டேன். சக்கரத்தில் சேறு போதாது என்றார், சேர்த்தேன். வயிற்றுப்பக்க நீலம் ஒரு பிடி தூக்கல் என்றார், மூன்று நாள் சுரண்டி மாற்றினேன். அதுவும் சரிதான். அவர் சொன்னது எதுவுமே தப்பாக இருந்ததில்லை, மேடம். அதை நான் எங்கே வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வேன்.

இப்போது கரண்டு விஷயம். பழைய வீடு. பின்பக்க அறைகளுக்கும் நடைக்கும் ஒரே லைன். என் பெயின்ட் துப்பாக்கிக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரஸரும் அவருடைய மெஷினும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். இரண்டும் காற்றைத் தள்ளுகிற வேலைதான். வீட்டில் ஒன்றுக்குத்தான் இடம். அதனால் பெயின்ட் அடிக்கும்போது மட்டும் அவருடையதை நிறுத்துவேன். முதல் தடவை நான்கு நிமிடம்.

"என்ன மாப்ள, கரண்ட் போச்சா?"

"ஆமா மச்சான். இப்ப வந்துரும்."

"லைட் எரியுதே?"

"உங்க மெஷின் லைன்ல மட்டும் போயிருக்கு."

அவர் நம்பினார். பிறகு ஏழு நிமிடம், பத்து நிமிடம். பிளக்கைச் சட்டென்று பிடுங்கினால் மெஷின் கத்தும். பட்டனை அணைத்துவிட்டுப் பிடுங்கினால் கத்தாது. எல்லாம் பழக்கத்தில் வருவதுதான். பதினைந்து நிமிடம் போனபோது உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. போர்வையை இழுத்துவிட்டேன். மாலையில் நூலகத்திலிருந்து வந்த மனைவி, "அண்ணன் ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கு?" என்று கேட்டாள். வெயில் என்றேன்.

சமையலறையிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்திருக்கலாமே என்று நீங்கள் நேற்று ஸ்டேஷனில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எட்டு மீட்டர் வயர் அலமாரியில்தான் இருந்தது. ஹாலின் குறுக்கே கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். வீட்டில் நோயாளி இருக்கும்போது அதையெல்லாம் யோசிக்க வேண்டாமா?

மாடல் விமானக் கண்காட்சி ஒன்று வரவிருந்தது, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடல் சங்கத்திலிருந்து ஐந்து பேர் விமானத்தைப் பார்க்க வந்தார்கள். நானே போய் பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். மேசையைச் சுற்றி நின்றார்கள். "அட்டகாசம்" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினார். மச்சான் வாசலில் வந்து நின்றார்.

"எல்லாம் சரி மாப்ள. ஆனா பல்செட் மாதிரில்ல பளபளங்குது. சண்டைக்குப் போற விமானம் மின்னுச்சுன்னா எதிரி ஈஸியா சுட்டுருவானே."

ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர்கள் அவரைக் கைத்தாங்கலாக அறைக்குக் கூட்டிப்போய், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் கதை கேட்டார்கள். பிஸ்கட் தட்டையும் அங்கேயே கொண்டுபோனார்கள். நான் மேசை விளக்கை அணைத்துவிட்டு விமானத்தின் மேல் துணியைப் போர்த்தினேன். கோபமா? இல்லை, மேடம். பளபளப்பைப் பற்றி அவர் சொன்னது சரி. பளபளப்பை அடக்கும் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் தீர்ந்தது.

அதைத்தான் செவ்வாய்க்கிழமை மதியம் செய்தேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கரண்டு போனால் உதவட்டும் என்று மச்சான் கட்டிலருகே ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் நிற்கும், அது காலி. நிரப்பி வாங்கி வரச்சொல்லி மனைவி வெள்ளிக்கிழமையே என்னிடம் சொல்லியிருந்தாள். மெஷினை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், என் கதவைச் சாத்திக்கொண்டேன். வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது தூசி பட்டால் அவ்வளவுதான், முகப்பரு மாதிரி நின்றுவிடும். இறக்கை நுனியில் ஆரம்பித்து ஒரே வீச்சில் கொண்டுபோக வேண்டும். பாதியில் நிறுத்தினால் கோடு விழும். உங்களில் யாராவது பூசிப் பார்த்தால் தெரியும்.

கூப்பிடுவதற்காக மனைவி அவர் கட்டிலில் ஒரு சின்ன மணி கட்டியிருந்தாள். அது அடித்தது. முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல். "மாப்ள" என்று இரண்டு தடவை கேட்டது. பிறகு குழாயை எதிலோ தட்டுகிற சத்தம்.

போய் மாட்டியிருப்பேன், மேடம். ஈரம் காய வேண்டுமே என்றுதான் இருந்தேன். நல்ல வேலையைப் பாதியில் விட எனக்கு மனசு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படி. பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாட்டி ஓடவிட்டேன். அவர் முகத்தைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்து, மனைவிக்குப் போன் போட்டேன். நுரையீரல் நோய்தானே, டாக்டரும் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினைத் திரும்ப எடுத்துப்போக வந்த கம்பெனிக்காரர்தான், அது நின்ற நேரத்தையெல்லாம் தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும் என்றார். எனக்குத் தெரியாது. நல்ல மெஷின்.

அதில் ஐம்பத்தொரு நிமிடம் என்று இருப்பதாகச் சொல்கிறீர்கள். சரியாகத்தான் இருக்கும். வார்னிஷ் பூச எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டீர்கள். தொழில் தெரிந்தவன் பொய் சொல்லக்கூடாது. பன்னிரண்டு நிமிடம்.

மீதி நேரம் பெயின்ட் துப்பாக்கியைக் கழுவி வைத்துவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தில் மணி அவ்வளவாகக் கேட்பதில்லை.