நாப்பத்திமூணு கையெழுத்து

...அமைதியான தெருவா? நல்லா சொன்னே போ! வந்து மூணு நாளு ஆகல்ல, அதுக்குள்ள ஒனக்கு அமைதி பிடிச்சுப்போச்சு. இந்த அமைதிய வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் மக்கா. வாங்கினதுக்குப் பெறவு படுகது அதுக்கும் மேல. இரி, இரி. வெள்ளம் எங்க போவப்போவுது? கெணறு அங்ஙனயேதான் கெடக்கும். குடத்த எறக்கி வை. ரசலையன் சாருக்க வீட்டுக்காரிதானே நீ? பேரு லீலாபாயா... கொள்ளாம். நான் சத்தியபாய். கம்பவுண்டர் இஸ்ரவேலுக்க பொண்டாட்டி. ஆனா அப்பிடிச் சொன்னா ஊருல ஒருத்தருக்கும் தெரியாது, சபையில பாட்டுக் கொயர் நடத்துக சத்தியபாய்ன்னு சொல்லணும். கேள்விப்பட்டிருப்பே. படல்லியா? ...செரி, மூணு நாளுதானே ஆச்சு.

அந்தா, மதிலுக்கு அப்புறம் ஓட்டு வீடு தெரியுதா? பூட்டு தொங்குது பாரு. அதுதான் பாட்டு வீடு. சபைக்க வீடுதான். போன வருசம் சீமையிலேருந்து டாக்டர் மதாம்மை ஒருத்தி வந்தா. வந்தவ கொடலு எறக்கம், கண்ணு நோவுன்னு மருந்து குடுத்துட்டுப் போவாளா? மாட்டா. புத்தி கலங்கினவங்கள வைக்க பிராந்தாசுபத்திரியில வருசக்கணக்கா கெடந்து, வீட்டுக்காரங்களும் கூட்டிட்டுப் போவாத ஆளுவ பன்னெண்டு பேர வண்டியில ஏத்திக் கொண்டுவந்து, எனக்க மதிலுக்கு அந்தப் பக்கம் எறக்கிப்போட்டா. என்னத்துக்குன்னு கேட்டா, இவங்களுக்கு மருந்து மட்டும் போராது, பாட்டும் வேணும்ங்கா. பாட்டு! பத்மநாபபுரம் கோட்டைக்குள்ள இத்தற வைத்தியன்மாரு இருந்தாவளே, ஒருத்தனாவது காச்சலுக்குக் கஷாயத்தோட கீர்த்தனை குடுத்துக் கேட்டதுண்டா?

சிரிக்காத. இன்னும் கேளு. பாட்டு படிச்சுக்குடுக்க ஒரு ஆளு, தங்கையன்னு பேரு. பட்டாளத்து பேண்டுல கிளாரினெட்டு ஊதினவன். பெரிய சண்டைக்கு மெசபடோமியா வர போனான். திரும்பி வரும்போ கிளாரினெட்டு வந்துது, உள்ள இருந்த ஆளு வரல்ல. அஞ்சு வருசம் கட்டிலுக்கு அடியிலதான் ஒறங்குவானாம். கதவ ஓங்கி அடைச்சா இப்பவும் காத பொத்துவான். அவன்தான் வாத்தியாரு. மதாம்மைட்ட நானே நேர கேட்டேன், "வேற ஆளு கெடைக்கல்லியா?"ன்னு. "இவருக்கு வழி தெரியும். இவர் அந்த வழியா வந்தவர்"ன்னா. அவளுக்க தமிழு... எல்லாருக்கும் 'ர்' போட்டுத்தான் பேசுவா. எங்க வீட்டுக் கோழி அந்தப் பக்கம் போனா, "உங்கள் கோழி வந்தார்"ன்னுல்லா சொல்லி அனுப்புவா!

சாயங்காலம் சரியா நாலு மணிக்குத் தொடங்கும். ஆர்மோனியம், ஒரு கஞ்சிரா, ஒரு ஜோடி தாளம், ஒரு பெரிய தப்பட்டை. ஆளுக்கு ஒரு வேல குடுத்துருவா. வாய தொறக்காதவனுக்குத் தப்பட்டை, ஒரு எடத்துல இருக்காதவளுக்குத் தாளம். தேங்காப்பட்டணத்துக்காரன் மத்தியாஸ்னு ஒருத்தன். தம்பிமாரு ரெண்டு பேரும் கடலுக்குப் போயி வரல்ல. அதுலேருந்து செவரப் பாத்துட்டு இருப்பான். அவனுக்கு, ஒரு அடி பாட்டு முடிஞ்சா தப்பட்டையில ஒரு அடி. டொம். அவ்வளவுதான் உத்தியோகம். மூணு மாசம் அந்த ஒரே டொம்! நாலாம் மாசம் ஒரு நாளு, யாரும் சொல்லாம அவனாட்டு ரெண்டு அடி அடிச்சான். டொம் டொம். அதுக்கு மதாம்மை எல்லாருக்கும் சீனி குடுத்தா. ரெண்டு அடிக்கு சீனி! எனக்கு எம்பத்திரெண்டு கீர்த்தனை மனப்பாடம், போர்டிங் ஸ்கூல்ல பாட்டுக்கு மூணு வருசம் முதல் பரிசு. ஒருத்தராவது ஒரு துண்டு கருப்பட்டி தந்திருப்பாவளா?

எங்க போறே? அடுப்புல என்ன இருக்கு? மரச்சீனிக் கெழங்கா? அது பைய வேவட்டு.

பின்ன, இன்னொண்ணு உண்டும். நாலு பேரு எப்பிடியும் ஒனக்குச் சொல்லத்தான் போறாவ. அதுக்கு நானே சொல்லிப்போடுகேன். எங்க வீட்டு அவியளுக்கு, கம்பவுண்டருக்கு, ஒரு தங்கச்சி உண்டும், ஞானபாய்னு. மாப்பிள கொழும்புல தோட்டத்து வேலைக்குப் போனவன், அங்ஙன ஒருத்திய சேத்துக்கிட்டான். கையிலிருந்த ஒரே பிள்ளயும் பேதியில போச்சு. அடக்கம் பண்ணிட்டு வந்து குத்துக்காலிட்டு இருந்தவதான், பெறவு வாய தொறக்கல்ல. ஒம்பது வருசம். குளிப்பாட்டினா குளிப்பா, வாயில வச்சா திம்பா. ராத்திரி பகலு கெடயாது. நாலு தடவ எறங்கி நடந்து போயிட்டா, தேடிப் பிடிச்சுக் கொண்டுவந்தோம். அவியளும் கம்பவுண்டராக்கும், இருக்க மருந்தெல்லாம் கலக்கிக் குடுத்துப் பாத்தாச்சு.

ஊருல கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எனக்கும் ரெண்டு பொம்பளப்பிள்ளைய உண்டும், நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வரண்டாமா? கொழும்புல மாப்பிள கூட சுகமா இருக்கான்னு சொல்லிப்போட்டேன். ஆளு வந்தா பின்னறையில விட்டு கொண்டிய போட்டுருவேன். என்ன அப்பிடிப் பாக்கே? நீயா இருந்தா ஊரக் கூப்பிட்டுக் காட்டுவியா?

இந்தப் பாட்டு தொடங்கினதுல்லா... அவ நாலு மணி ஆனா எழும்பி மதிலுக்குப் பக்கத்துல போயி நிப்பா. நின்னுட்டுப் போறான்னு விட்டேன். ரெண்டு வாரத்துல காலு தாளம் போட்டுது. பெறவு உதடு அசைஞ்சுது. ஒரு நாளு நான் அம்மியில மொளவு அரைச்சுட்டே பாடிட்டு இருக்கேன். பின்னால ஒரு கொரலு, "மைனி, சுதி கொறையுது."

ஒம்பது வருசம் பேசாதவ மக்கா! வாய தொறந்து மொதல்ல சொன்னது எனக்க பாட்டுக்குக் குத்தம்! அவிய ஓடி வந்து அவளக் கெட்டிப் பிடிச்சு அழுதாவ. நானும் அழுதேன். ஆனா நான் எதுக்கு அழுதேன்னு எனக்குல்லா தெரியும்.

மறுநாளே அவிய அவளக் கையப் பிடிச்சு, தெரு காணாம பின்வாசல் வழியா பாட்டு வீட்டுல கொண்டு விட்டாவ. இல்ல, சுகமாயிட்டுன்னு நான் பொய்யி சொல்லமாட்டேன். சில நாளு போர்வைக்குள்ளேருந்து எழும்பமாட்டா. சில நாளு ஒண்ணுக்கும் இல்லாம அழுவா. ஆனா தானே தல சீவினா. கெணத்துல தானே வெள்ளம் கோரினா. எனக்க சின்னவளுக்கு சட்டை தச்சுக் குடுத்தா. தங்கையன் வாசிப்பான், இவ பாட்டெடுப்பா, மத்தியாசு டொம்ம்பான். ஏழு மாசம் அப்பிடிப் போச்சு. அதோட நிப்பாட்டியிருக்கலாமே? அந்த மதாம்மைக்கு அது போரல்ல. அறுப்புப் பண்டிகையில இவங்க சபைக் கோயில்ல பாடணும்னு சபை ஐயருட்ட கேட்டு வாங்கிட்டா.

அண்ணைக்குக் கோயிலு நெறஞ்சு கெடக்கு. வாழக்கொல, சக்கப்பழம், சேவலு எல்லாம் பீடத்துக்கு முன்னால. மொதல்ல எனக்க கொயர். ரெண்டு மாசமா படிச்ச பாட்டு. மூணாம் சரணத்துல, ஆம்பளையளுக்கு முன்னால நின்னு பாடுக ஜான்ரோசு சுதி விட்டு ஒரு பக்கம் போனான், பெண்ணுங்க ஒரு பக்கம் போனாவ, நான் நடுவுல நின்னேன். நான் பிடிச்ச சுதி சரி, அவங்கதான் விட்டாவ... செரி, விடு. பெறவு பாட்டு வீட்டு ஆளுவ வந்தாவ. பன்னெண்டு பேரு வெள்ளையுடுத்து வரிசையா. பதிமூணாவது ஆளு ஞானபாய். நேர நடுவுல நின்னு, கண்ண அடச்சு, பல்லவிய எடுத்தா பாரு... சேவலுகூட கூவல்ல. ஐயரு மூக்க சீந்துகாரு. எனக்க கொயர்ல நிக்குதுவளும் அழுவுதுவ, வெக்கங்கெட்டதுவ!

வெளிய வந்தா, உபதேசியாருக்க பொண்டாட்டி எனக்க கையப் பிடிச்சு, தேனு ஒழுவ கேக்கா, "ஞானபாய் கொழும்புலேருந்து எப்ப வந்தா?"

ஒனக்கு ஒரு அடி விழுந்தா நீ என்ன செய்வே? நான் மனு எழுதினேன், பாட்டு வீட்டக் காலி பண்ணணும்னு.

ஆமா. நான்தான். பின்ன யாருன்னு நெனச்சே? பிள்ளையளுக்குப் படிப்பு நடக்கல்ல, சீக்காளிக்கு ஒறக்கமில்ல, தப்பட்டைச் சத்தத்துல குமாரதாசுக்க எருமைக்குப் பாலு வத்திப்போச்சுன்னு நானே ஒவ்வொண்ணா யோசிச்சு எழுதி, வீடு வீடா ஏறி எறங்கினேன். எருமைக்க சொந்தக்காரனே, "போன வருசமே வத்தினதுதானே அம்மா"ன்னான். "எப்ப வத்தினா என்ன, கையெழுத்தப் போடு"ன்னேன். நாப்பத்திமூணு கையெழுத்து! எனக்க கொயருக்கு வாங்கன்னா இருவது பேரு வரமாட்டாவ. இதுக்கு எங்ஙன பறந்து வந்து போட்டாவ பாத்தியா!

சபைக் கமிட்டியில அத உறக்க வாசிச்சாவளாம். அவியளும் அங்ஙன இருந்தாவ. கடைசிப் பேரு சத்தியபாய். வீட்டுக்கு வந்தாவ, செருப்பக் கழத்தினாவ. இண்ணை வர எங்கிட்ட பேசல்ல. ஏதாவது வேணும்னா பூனைட்ட சொல்லுகாவ, "மோருல உப்பு இல்ல"ன்னு. நான் பூனைட்ட மறுபடி சொல்லுகேன். எங்க குடும்பத்துல இப்ப அதிகம் பேச்சு கேக்கது அந்தப் பூனைதான்.

கமிட்டி காலி பண்ணச் சொல்லிட்டு, பாட்டு வீட்டு ஆளுவ ரெண்டு மாட்டு வண்டியில போனாவ. மத்தியாசு தப்பட்டைய மடியில வச்சுட்டு, பிள்ளய வச்சிருக்க மாதிரி. ஞானபாய் வண்டிக்குப் பின்னால முக்கு வர போனா, நின்னா, திரும்பி வந்தா. பத்து நாளு நாலு மணிக்கு மதிலுகிட்ட நின்னா. பதினொண்ணாம் நாளு எழும்பல்ல. பேச்சும் நின்னுபோச்சு. இப்ப கஞ்சி குடுத்தா கடவாயில ஒழுவுது. கையப் பாத்தா வெறகுக் குச்சி.

நானும் சும்மா இருந்தேனா? நான் பாடத்தெரியாதவளா? நாலு மணிக்கு அவளுக்க முன்னால போயி நின்னு, முதல் பரிசு வாங்கின பாட்ட அப்பிடியே பாடினேன். காத பொத்திக்கிட்டு செவரு பக்கம் திரும்பிட்டா.

பெறவு யாருட்டயும் சொல்லாம மோட்டார் ஏறி, களியக்காவெளைக்கு அந்தப் பக்கம் அந்த மதாம்மை இருக்க எடத்துக்கே போனேன். நாக்கப் பிடுங்குக மாதிரி கேப்பான்னு நெனச்சேன். கேக்கல்ல. மருந்து எழுதித் தந்தா. பெறவு, "சத்தியபாய், நீங்க அவருக்காகப் பாடாதிங்க. கூட இருங்க. அவர் எடுத்தால் பின்னால் போங்க. எடுக்காட்டால் சும்மா இருங்க"ன்னா. சும்மா இருக்கணுமாம்! நான்! ஞானபாய அங்ஙன கொண்டுவிடலாம்னா எடமில்ல. கமிட்டி வீட்டத் திரும்பத் தந்தா வாரோம்ங்காவ. தங்கையன் ஒரு எளநீ வெட்டித் தந்தான். சவத்துப் பய, அத குடிக்காம அங்ஙனயே வச்சுட்டு மோட்டார் ஏறினேன்.

அதுனால இந்தா, புது மனு. பழைய மனுவ ரத்து பண்ணணும்னு. வாசிச்சுப் பாரு, எழுத்து நல்லாத்தான் இருக்கு. பதினாறு நாளா அதே வீடுகள்ல ஏறி எறங்குகேன். "நீங்கதானே அம்மா வந்து போடச் சொன்னிய?"ங்காவ. "இப்பதான் நிம்மதியா இருக்கு"ங்காவ. உபதேசியாரு பொண்டாட்டி சொல்லுகா, "பிராந்துன்னா ஒரு எடத்துல அடங்கிக் கெடக்கணும்"ன்னு. பழைய மனுவுக்கு அலையும்போ நான் சொல்லிக்குடுத்த வார்த்தை மக்கா. ஒரு எழுத்து மாறாம எங்கிட்டயே சொல்லுகா. இதுவர ரெண்டு கையெழுத்து. ஒண்ணு நான். மத்தது அவிய. பேனாவ வாங்கிப் போட்டுட்டுப் போனாவ.

நீ புது ஆளு. பழசுல போடல்ல. நீ போட்டா மூணாச்சு. ஒனக்கு... என்னது? அடிப்பாளாவா? இல்ல மக்கா, ஞானபாய் ஒரு எறும்ப அடிக்கமாட்டா. வீட்டுக்குள்ளதான் இருக்கா, அந்தா அந்த சன்னலுக்குப் பக்கத்துல. பாக்கியா? இல்ல, இல்ல, பயப்படாத. சாருட்ட கேக்கணுமா? கேளு, கேளு. நான் நாளைக்கு... ஏட்டி லீலா! குடத்த விட்டுட்டுப் போறியே! வெள்ளம் வேண்டாமா?

...போயிட்டா. கதவையும் சாத்திட்டா. கொண்டி போடுக சத்தம் இங்ஙன வர கேக்குது.

ஞானம்... எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தியா? கேளு. கேக்க வேண்டியதுதான். நாலு மணி ஆவுது. எழும்பு மக்கா, எனக்க தோளப் பிடி. பின்னறையில வேண்டாம், முன்வாசல்லயே பாய விரிக்கேன். போறவன் வாறவனெல்லாம் பாக்கட்டு. உபதேசியாரு பொண்டாட்டி பாத்தாலும் செரிதான். சாஞ்சுக்க. காலு நீட்டு. நான் பாடமாட்டேன், பயப்படாத. வாயத் தொறக்கவே மாட்டேன். நீ எடுக்கணும்னு தோணும்போ எடு. நான் பின்னால வாறேன். தோணல்லியா, வேண்டாம். இங்ஙனயே இருப்போம். இருட்டுக வர இருப்போம்.