நிமிர்ந்து பார்க்காத பெண்கள்

— அந்தச் சட்டையக் கழட்டிட்டு உட்காருடா மலியாங். பார்க்குற எனக்கே வேர்க்குது.

— இருக்கட்டும்க்கா. துரை குடுத்தது.

— துரையோட நாத்தமும் சேர்ந்துல்ல வந்திருக்கு! இந்தா, சிப்பி. சூட்டோட தின்னு.

— தின்னுறேன். அக்கா… நீ புஸ்தகத்துல இருக்கே.

— எதுல?

— புஸ்தகம். பேசினதையெல்லாம் கோடு கோடா கீறி வெச்சுக்குவாங்களே, அது. முதல் கப்பல்ல வந்த ஒருத்தன் எழுதினதாம். நேத்து துரை எனக்கு வாசிச்சுக் காட்டினாரு.

— தரூங்கான்னு என் பேரு இருக்கா?

— பேரெல்லாம் இல்ல. தெக்குமுனைப் பாறையில ரெண்டு பொம்பளைங்கன்னு இருக்கு. நீயும் அம்மாவும்தானே?

— நாங்கதான். ஆம்பளைங்க எல்லாம் அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டு மலைக்குப் போயிட்டாங்க, பல்லு உடைச்சு உன்னைப் பெரிய ஆம்பளையாக்க. கரையில வேற ஒரு ஈ காக்கா இல்ல. என்ன எழுதியிருக்கான்?

— விடு… நல்லா இல்ல.

— ஆரம்பிச்சுட்டு முழுங்காதடா.

— 'கப்பல் கூப்பிடு தூரத்தில் போகிறது. இரண்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை. சிப்பி பொறுக்கிக்கொண்டே இருந்தன. வியப்பும் இல்லை, பயமும் இல்லை. ஆடுமாடாவது மிரண்டு பார்க்கும். கல்லுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.'

— ஆடுமாடுன்னா… நம்ம கிழங்கையெல்லாம் மிதிச்சு நாசம் பண்ணுதே, அதா?

— அதேதான்.

— அதைவிட நாங்க மட்டம். சரிதான்!

— சிரிக்கிறியா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'உங்க ஆளுங்க அப்படித்தானா'ன்னு துரை வேற கேட்டாரு. அது எங்கக்கான்னு சொல்லிட்டேன்.

— உன் வாய் இருக்கே…

— உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. ஏன் பார்க்கலன்னு நீ சொன்னா, அதையும் எழுதுவாராம். ஒரு கம்பளியும் உண்டு.

— கம்பளிய நீயே போர்த்திக்க. நான் வரல.

— ஏன்க்கா பார்க்கல?

— சிப்பி நிறைய கிடந்துச்சு.

— விளையாடாத.

— அந்நிய ஆளு வந்தா என்னடா செய்யணும்?

— தள்ளி உட்காரணும். நாம கூப்பிடுற வரைக்கும் காத்திருக்கணும்.

— அதுவரைக்கும் நாம?

— முறைச்சுப் பார்க்கக்கூடாது. அது மரியாதை இல்ல.

— அவங்க உட்கார்ந்தாங்களா? காத்திருந்தாங்களா? இப்ப சொல்லு, யாருடா ஆடுமாடு?

— இதைத்தான்க்கா! இதைத்தான் நீ வந்து சொல்லணும். இல்லன்னா நாம செத்த பிறகும் அந்தப் புஸ்தகத்துல கல்லாவே கிடப்போம்.

— உனக்குத்தான் அவங்க பேச்சு வருதே. நீயே சொல்லேன்.

— நான் அன்னைக்கு இல்லையே. பார்த்தவங்க சொல்லணும்ங்குறாரு. என்ன… ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிற?

— மரியாதை மட்டும் இல்லடா. அவங்க வெளுத்துப்போயிருந்தாங்க. செத்தவங்கதானே அப்படி வெளுத்து வருவாங்க? 'பார்க்காத, கண்ணோட கண்ணு பட்டா கூட்டிட்டுப் போயிடுவாங்க'ன்னு அம்மா என் மணிக்கட்டைப் புடிச்சா. அவ விரலெல்லாம் நடுங்குச்சு. நடுக்கத்தை எழுதினானா அவன்?

— எழுதல.

— கூப்பிடு தூரத்துல இருந்தானே… அது தெரியலையா?

— உனக்குப் பயமா இல்லையாக்கா? அத்தான் கடலோட போனது… அந்த வருசந்தானே?

— செத்தவரு பேரைச் சொல்லிடாதடா!

— சொல்லல, சொல்லல.

— மூணு நிலா ஆயிருந்துச்சு. உடம்பு கிடைக்கல. ஒரு எலும்பு கிடைச்சிருந்தாக்கூட அழுது முடிச்சிருப்பேன்.

— அப்போ… நீ நிமிர்ந்து பார்த்தே.

— ஒரே ஒரு தடவை. அம்மா கண்ணை மூடிக்கிட்டிருந்தா. மேல கயித்தைப் புடிச்சுக்கிட்டு ஒருத்தரு நின்னாரு. இடது தோளைச் சாய்ச்சுக்கிட்டு… அதே தோளு. வெளுத்திருந்தா என்ன, எனக்குத் தெரியாதா?

— அய்யோ அக்கா…

— இதைப் போய் துரைகிட்ட சொல்லவா? என்னடா? இப்ப நீ ஏன் மண்ணைக் கிளறுற?

— இன்னொரு வரி இருக்கு. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னுதான் வந்தேன்.

— சொல்லு.

— கப்பல் நம்ம பக்கம் வர்றதாவே இல்லையாம். தாண்டிப் போயிடுச்சாம். அப்புறம் பின்னால அந்த முனையிலிருந்து பெரிய புகை எழும்பிச்சாம். யாரோ கூப்பிடுறாங்கன்னு திருப்பிட்டாங்களாம். 'அந்த இரண்டு கல்லும் மூட்டியிருக்காது, அவ்வளவு புத்தி கிடையாது, காட்டுக்குள் வேறு ஆட்கள் இருக்க வேண்டும்'னு எழுதியிருக்கான். அன்னைக்குத்தான் முதல்ல இறங்கினாங்க. அந்த வழி தெரிஞ்சுதான் மத்த கப்பலெல்லாம் வந்துச்சு. அப்புறம் அந்தக் கொப்புள நோய்… அம்மா, பெரியப்பா, உன் ரெண்டு பொண்ணுங்க…

— எண்ணாதடா. தினமும் நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

— காத்துல தானா பத்தியிருக்கும். இல்லக்கா? நான் துரைகிட்ட அப்படியே சொல்லிடுறேன். காத்துன்னு. சரியா?

— அன்னைக்குக் காத்தே இல்லடா. நான்தான் பச்சைத் தழைய அள்ளி அள்ளிப் போட்டேன்… என்னைப் பார்க்காமலே போயிடுவாரோன்னு.