ஏரிக்கு அந்தக் கரை

— அதான் அண்ணா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். மத்தியானம் பொண்ணு பாக்க வந்துருவாங்க. அதுக்குள்ள நீதான் அப்பாகிட்டச் சொல்லணும்.

— மெதுவாப் பேசு வெண்மதி.

— இதுக்கு மேல என்னா மெதுவா? காஞ்ச ஏரி, இந்தப் பக்கம் நாம ரெண்டே பேரு. அப்பா கெழக்குக் கரையில ஆட்டோட நிக்கறாரு, எறும்பாட்டம் தெரியறாரு. அங்க எங்க கேக்கப்போவுது?

— அதுவும் சரிதான். ஏ புள்ள, இந்த விடியக்காலையில காரிமங்கலத்துக் கோயில் மைக்செட்டக் கேட்டியா? பக்கத்துத் தோட்டத்துல பாடறாப்ல இருக்குது. இதே பாட்டு பகல்ல போட்டா ஒன்னும் கேக்கறதில்ல. அது ஏன்?

— ராத்திரி தரை குளுந்துருதில்ல, அதையொட்டி இருக்கற காத்தும் குளுந்து அப்படியே படுத்துக்கும். இப்பப் பாரு, ஒரு எல அசையுதா? ஆனா நல்லா ஒசரத்துல காத்து தலதெறிக்க ஓடிக்கிட்டிருக்கும். அதத் தடுத்துப் புடிக்கத் தரை அங்க இல்லியே.

— அடேங்கப்பா! இப்பவா? நம்ம தலைக்கு மேலயா?

— இப்பத்தான். மேக்கால இருந்து கெழக்கால. மேல போற சத்தத்த அது வளச்சுக் கீழயே தள்ளிவுட்டுரும். அதான் மேக்க அம்மாந்தூரத்துல பாடற பாட்டு இங்க கேக்குது.

— வெயில் ஏறினா?

— தரை காயும், சூட்டுக்காத்து மேல எழும்பும். அப்ப மேல ஓடினது கீழ எறங்கி...

— இரு, இரு. இத்தன பேசறவளுக்குப் புனேவுல இதயே படிக்க எடம் கெடச்சிருக்குதுன்னு அப்பாகிட்டச் சொல்ல வாய் வரலியா?

— பயமாருக்குதுண்ணா. மாப்ள வூட்டுக்காரங்க வர்றாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. அவரு மொகம் வாடிப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது. சரின்னு தலையாட்டிருவேன். அப்புறம் படிப்பாவது ஒன்னாவது.

— சீ, அழுவாத. நானே சொல்றேன்... அங்க பாரு, அப்பா காதுல போனு. காலங்காத்தால யாருகிட்டப் பேசறாரு?

— ஆட்டு யாவாரியா இருக்கும்.

— வச்சுட்டாரு. ஏ, உன் போனு அடிக்குது பாரு. அப்பாதான்!

— ஐயோ, கண்ணத் தொடச்சுக்கறேன் இரு... அப்பா? சொல்லுங்கப்பா.

— வர்றவங்கள வர வேணாம்னு இப்பத்தான் சொல்லிட்டேன் கண்ணு, அழுவாத. அந்த மேல ஓடற காத்து கீழ எறங்கி என்னா பண்ணுமுன்னு பாதியில வுட்டுட்டியே, அத மொதல்ல சொல்லு.