இடது பெடல்

— அந்தப் பெடலையே புரட்டிப் புரட்டிப் பாக்காத. இறுக்க மறந்துட்டேன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. அதோட முடிஞ்சுது.

— எது முடிஞ்சுது அண்ணா? என் கடைதானே?

— பாரும்மா, நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். உன் அண்ணி தாடை ரெண்டு இடத்துல உடைஞ்சு, பல்லோட பல்லைக் கம்பி போட்டுக் கட்டி ஆஸ்பத்திரில கிடக்கறா. பாலைக்கூட ஸ்ட்ரா வச்சுத்தான் உறிஞ்சறா. நீ கடையைப் பத்திப் பேசற.

— வாயைத்தானே கட்டியிருக்காங்க, கை நல்லாத்தானே இருக்கு. "என் நாத்தனார் வேலைதான் இது"ன்னு சீட்டுல எழுதி, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டறாங்களாமே.

— வலியில எழுதறா.

— கையெழுத்து முத்து முத்தா இருக்காம். பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு வந்து சொன்னாங்க.

— இந்த வாய் இருக்கே, இதாலதான் நீ புருஷன் வீட்ல நிலைக்காம திரும்பி வந்த.

— வந்தேன். வந்து இந்த முன் ரூம்ல ஆறு வருஷமா பஞ்சர் ஒட்டறேன். உன் தட்டுல கை வச்சேனா?

— அப்பா அன்னைக்கே என்ன சொன்னாரு? "கடை வச்சுக்க. ஆனா நீ தொட்ட வண்டியில இருந்து ஒருத்தர் விழுந்தாலும் அன்னைக்கே பூட்டு"ன்னாரா இல்லையா? இப்ப விழுந்தது யாரோ எவரோ இல்ல. இந்த வீட்டு மருமக.

— பூட்டினா இந்த ரூம்ல அண்ணி பார்லர் வைப்பாங்க. கண்ணாடி மாட்ட அளவுகூட எடுத்தாச்சே. நான் தூங்கறேன்னு நெனச்சு ஆளுக்கு ஒரு பக்கம் டேப்பைப் பிடிச்சிட்டு நின்னீங்களே, பாத்தேன்.

— அது சும்மா பாத்தது. பேச்சை மாத்தாத. திங்கக்கிழமை அவ சைக்கிளை நீ சர்வீஸ் பண்ணின. புதன்கிழமை மேம்பாலத்துல பெடல் பிடுங்கிட்டு விழுந்துடுச்சு. நீ இறுக்கல. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

— உனக்குத்தான் புரியல. கிட்ட வா. கடிக்காது, வா. இந்தப் பெடல் தண்டைத் தொட்டுப் பாரு. என்ன சுத்தியிருக்கு?

— ஏதோ மெல்லிசா, கம்பிச் சுருள் மாதிரி.

— அது கிராங்கோட மரை, பெடலைத் தாங்கற கை இருக்கே, அதோடது. உள்ள வெட்டியிருந்த மரை மொத்தமும் பிய்ஞ்சு பெடலோட வந்திருக்கு. இப்ப கிராங்க் ஓட்டையில விரலை விடு.

— வழவழன்னு இருக்கு.

— மொட்டை அடிச்ச மாதிரி. ஓட்டையைச் சுத்தி வட்டமா ஒரு பள்ளம் இருக்கே, அது பெடலோட கழுத்து கிராங்கைக் கடிச்ச தடம். கேட்டுக்கோ. லூசா விட்ட பெடல் இப்படிக் கடிக்காது. எவனோ வெறி பிடிச்ச மாதிரி இறுக்கியிருக்கான்.

— அப்ப நீதான் அளவு தெரியாம இறுக்கிட்ட. மறந்தா என்ன, மிஞ்சினா என்ன, தப்பு உன்னுதுதானே?

— நல்லா வக்காலத்து வாங்கற. இது என் பெடல் ஸ்பேனர். தட்டையாப் பிடிக்கும், முனை மழுங்காது. இந்தப் பெடலை எலி கொறிச்ச மாதிரி கொறிச்சு வச்சிருக்கு. பைப் ரெஞ்ச் பல்லு. என் கடையில பைப் ரெஞ்ச் கிடையாது. மாடியில இருக்கு, உன் அலமாரில.

— ஊர்ல யார் வீட்லதான் பைப் ரெஞ்ச் இல்ல? சரி விடு. இதுக்கு வேற மரை போட முடியாதா? போட்டுட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

— போடலாம். ஓட்டையைப் பெருசு பண்ணி, புதுசா மரை வெட்டி, உள்ள எஃகுச் சுருள் இறக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனா நான் தொட மாட்டேன். அப்பா இதை இப்படியே பாக்கணும்.

— பிடிவாதம்.

— ஆமா. இந்தா, இந்த ஸ்பேனரைப் பிடி. ஸ்டாண்டுல பச்சை சைக்கிள் நிக்குதுல்ல, அதோட இடது பெடலைக் கழட்டு.

— எனக்கு எதுக்கு இதெல்லாம்?

— கழட்டு அண்ணா. கழட்டிட்டா இப்பவே மாடிக்குப் போய் அப்பா கால்ல விழுந்து, "மறந்துட்டேன், கடையைப் பூட்டிக்கங்க"ன்னு சொல்லிடறேன். சத்தியமா.

— நிஜமாவா? பேச்சு மாறக் கூடாது. குடு இப்படி. என்ன இது, இவ்வளவு இறுக்கமா இருக்கு?

— முக்கு.

— முக்கறேனே! அசைய மாட்டேங்குது.

— போதும், விடு. அந்த மரையையும் அழிச்சிடாத. நீ கழட்டல, இறுக்கிட்டிருக்க.

— என்ன உளறற? எதுவா இருந்தாலும் இந்தப் பக்கம் திருப்பினாத்தானே கழலும்?

— எல்லாம் அப்படித்தான். சைக்கிளோட இடது பெடல் மட்டும் தலைகீழ். மிதிக்க மிதிக்கக் கழண்டுடக் கூடாதுன்னு அப்படி மரை வெட்டுவாங்க. அது தெரிஞ்சவன் தப்பாத் திருப்ப மாட்டான். தெரியாதவன் இறுக்க நெனச்சிருந்தா, அது கழண்டிருக்கும். இங்க இறுகி இறுகி மரையே செத்திருக்கு. அப்ப அவன் என்ன பண்ண நெனச்சான்?

— எனக்கு எப்படித் தெரியும்?

— கழட்ட நெனச்சான். இப்ப நீ பண்ணின மாதிரியே.

— ஸ்பேனரை வாங்கிக்க. கையெல்லாம் வேர்க்குது.

— வேர்க்கும். அண்ணியை எனக்குப் பிடிக்காது, காலையில அவங்க மூஞ்சில முழிக்கக்கூடப் பிடிக்காது. ஆனா இது அநியாயம். மேம்பாலத்துல எழும்பி நின்னு மிதிக்கறப்ப கால் அந்தரத்துல இறங்கி, தாடை ஹாண்டில்பார்ல போய் அடிச்சிருக்கு. பின்னாடி லாரி வந்திருந்தா ஆளே இல்ல. பழியை என் தலையில கட்டிட்டு நீ இன்னொருத்தியைக் கட்டியிருப்ப.

— கத்தாத. அப்பா காதுல விழும்.

— விழட்டும். "உங்க பிள்ளை பொண்டாட்டியைக் கொல்லப் பாத்தான்"னு நானே போய்ச் சொல்றேன். அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போறேன். அடுத்த சீட்டுல அண்ணி யார் பேரை எழுதறாங்கன்னு பாத்துடலாம்.

— ஐயோ, போகாதடி! கொல்றதா, நானா? ரெஞ்சை நான் தொடவே இல்ல. சைக்கிள் சாயாம பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

— அப்ப ரெஞ்ச் யார் கையில இருந்துச்சு?

— அவ கையிலதான். நம்ம வாசல்லயே, அப்பா பாக்கறப்ப, முட்டி லேசா சிராய்க்கிற மாதிரி விழுந்து காட்டறேன், அன்னைக்கே உன் கடைக்குப் பூட்டுன்னா. வாசல்ல மூணு ரவுண்டு ஓட்டிப் பாத்தும் பெடல் கழலல. "உன் தங்கச்சி கைவேலை சனியன் மாதிரி நிக்குது"ன்னு திட்டிட்டு, நேரமாச்சுன்னு அதே சைக்கிள்லயே வேலைக்குக் கிளம்பிட்டா.